நம்புவதற்கும் ஒரு தகுதி வேண்டும்

காரின் டயர் ஓடித் தேய்கிறது. வீட்டு ட்ரெய்லரின் டயர் நின்றே கெடுகிறது. அமெரிக்காவில் காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிராவல் ட்ரெய்லர்களில் பல, ஆண்டின் பெரும்பகுதி வீட்டு முற்றத்திலும் வாடகைக் கொட்டகையிலும் நிற்பவை. கோடையில் சில வாரங்கள், நீண்ட விடுமுறை வந்தால் சில நாட்கள், அவ்வளவுதான் ஓட்டம். அதனால் ஆறேழு ஆண்டு கழித்துப் பார்த்தாலும் டயரின் பட்டன் ஆழமாகவே இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதைவிடப் பல மடங்கு மிச்சம் இருக்கும். ஆனால் அதே காலத்தில் ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளுக்குள் இறுகிக்கொண்டே வந்திருக்கும். வெயிலும் ஓசோனும் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். இவற்றைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் ரசாயனமும் டயர் சுழன்று நெளியும்போதுதான் வெளிப்புறத்துக்கு நன்றாகக் கசிந்து வரும். நிற்கிற டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. கண்ணுக்கு நன்றாகத் தெரிவதும் உள்ளே நொய்ந்துபோவதும் ஒரே டயரில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தொழில்நுட்ப விவரமாகத் தெரியும் இந்த இடத்தில் ஒரு பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது. ஒருவர் மனதார நம்பிய ஒன்று பொய்யாகி, அதனால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால், ‘உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்’ என்ற சொல் அவரைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது என்பது என் வாதம். மாற்று டயர் எது, எப்போது வாங்குவது என்பதெல்லாம் பணக்கணக்கு ஆவதற்கு முன்பே நம்பிக்கை பற்றிய அறக்கணக்காகிவிடுகிறது.

இந்தக் கேள்விக்குக் கறாரான பதில் சொன்னவர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட். லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1879-இல் முப்பத்து மூன்று வயதில் காசநோயால் இறந்துபோனார். 1877-இல் வெளியான ‘நம்பிக்கையின் அறம்’ என்ற அவருடைய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியை நம் முன் நிறுத்துகிறது. புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப்போகும் கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. முதலாளிக்கு உள்ளூரச் சந்தேகம். ஆனால் இத்தனை பயணம் போய் வந்ததே, இந்த முறையும் வராதா என்று சொல்லிச் சொல்லி மனத்தைத் தேற்றுகிறார். கடைசியில் கப்பல் நல்ல கப்பல்தான் என்று மெய்யாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கையில் வேஷம் இல்லை, ஆனாலும் அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். தன் முன்னால் இருந்த சான்றுகளைக் கொண்டு அப்படி நம்பும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. விசாரித்துச் சம்பாதிக்க வேண்டிய நம்பிக்கையை, சந்தேகத்தை அமுக்கிப் பெற்றுக்கொண்டார். கிளிஃபர்ட் இதை ஏட்டில் படித்து எழுதவில்லை. 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன ஆய்வுக் குழுவோடு சென்று, சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர். இங்கிலாந்தும் அப்போது இதே கொதிப்பில் இருந்தது. அளவுக்கு மீறிச் சுமையேற்றி அனுப்பப்படும் கப்பல்களை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் 1873-இல் புத்தகம் போட்டார். 1876-இல் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரைய வேண்டும் என்று சட்டம் வந்தது.

ட்ரெய்லர் டயருக்கும் ஒரு சுமைக்கோடு உண்டு. பக்கவாட்டில் அச்சாகியிருக்கிறது, படித்தால் போதும். 225/75ஆர்15 என்ற அளவுள்ள ட்ரெய்லர் டயர் ‘டி’ சுமை ரகமாக இருந்தால் 65 பிஎஸ்ஐ காற்றில் 2,540 பவுண்டு தாங்கும். அதே அளவில் ‘இ’ ரகம் 80 பிஎஸ்ஐ காற்றில் 2,830 பவுண்டு தாங்கும். மேலான ரகத்தை வாங்கினால் ஒவ்வொரு டயருக்கும் 290 பவுண்டு கூடுதல் தாங்கல் கிடைக்கிறது. ஆனால் வீலும் வால்வும் 80 பிஎஸ்ஐயைத் தாங்குபவையா என்று பார்த்தாக வேண்டும். தயாரித்த தேதியும் டயரிலேயே இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் தயாரானது என்று பொருள். இந்த முழுக் குறியீடு பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, அழுக்கைத் துடைத்துத்தான் வாசிக்க முடியும். எடை தெரியவேண்டுமென்றால் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. சில நிமிட வேலை. தண்ணீர், கேஸ் சிலிண்டர், சைக்கிள், சமையல் சாமான் எல்லாம் ஏற்றியபின் வண்டி என்ன எடை என்பது உரிமையாளரின் ஊகத்தில் ஒன்றாகவும் எடைமேடையில் வேறொன்றாகவும் இருக்கும். இரட்டை அச்சு வண்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு டயர் போய்விட்டால் அதே பக்கத்தில் இருக்கும் மற்ற டயர் தன் சுமையோடு அதன் சுமையையும் தாங்கி ஓடியிருக்கும். வெடித்ததற்கு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பக்கத்து டயர் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கிளம்புகிறவர், கப்பல் முதலாளி சொன்ன அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்.

இங்கே முதல் மறுப்பு எழும். சாதாரண மனிதர் ரப்பர் விஞ்ஞானி இல்லையே. அரசு அனுமதித்து, கம்பெனி முத்திரை குத்தி விற்றதை நம்புவதில் என்ன பிழை? நியாயமான கேள்வி. பிறர் அறிவை நம்பாமல் ஒரு நாளும் வாழ முடியாது. ஆனால் நம்புகிறவர், தனக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். டிஓடி முத்திரையை அரசு குத்துவதில்லை. குறைந்தபட்ச விதிகளை நிறைவேற்றியிருக்கிறோம் என்று தயாரிப்பாளரே கொடுக்கும் உறுதி அது. 2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது; ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் பட்டன் பகுதி பிய்ந்து நேர்ந்த விபத்துகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. டயர் சோதனை விதிகள் கடுமையாயின. புதுக் கார்களில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. ஆனால் ட்ரெய்லருக்கென்று செய்யப்படும் எஸ்டி ரக டயர்கள் அந்தக் கடுமையான சோதனை விதிக்குள் வரவில்லை, பழைய விதியின் கீழேயே விடப்பட்டன. எச்சரிக்கைக் கருவியும் ட்ரெய்லர்களுக்குக் கட்டாயமில்லை. காரில் வரும் பாதுகாப்பு பின்னால் இழுபடும் வீட்டுக்கும் தானாக வந்துவிட்டது என்று நினைப்பதற்கு ஆதாரமே இல்லை.

வேகத்தைப் பற்றிய வாக்கும் இப்படித்தான். வேறு குறிப்பு இல்லாத எஸ்டி டயர் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடாது என்ற கணக்கிலேயே நெடுங்காலம் செய்யப்பட்டது. அதனால்தான் அதற்குச் சுமை அதிகம் அனுமதிக்கப்பட்டது. 235/85ஆர்16 என்ற ஒரே அளவில், ஒரே 80 பிஎஸ்ஐ காற்றில், சிறு லாரிகளுக்கான எல்டி ரகம் 3,042 பவுண்டு என்கிறது. எஸ்டி ரகம் 3,640 பவுண்டு என்கிறது. அறுநூறு பவுண்டு வித்தியாசத்தைப் பார்த்ததும் பின்னது பலசாலி என்று தோன்றும். அந்தப் பெரிய எண்ணுக்கு அடியில் ‘மெதுவாகப் போவீர்கள்’ என்ற நிபந்தனை இருக்கிறது. மேற்கு டெக்சஸ் வழியாகப் போகும் பத்தாம் நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகமே 80 மைல். சாலை ஓரப் பலகை தரும் அனுமதி வேறு, டயர் தரும் வாக்கு வேறு. இப்போது ‘எம்’ என்று குறித்து 81 மைல் வரையும் ‘என்’ என்று குறித்து 87 மைல் வரையும் தாங்கும் ட்ரெய்லர் டயர்கள் கிடைக்கின்றன. நீடித்து உழைக்கும் மாற்று டயர் தேடுகிறவர் விலைப்பட்டியலுக்கு முன்னால் அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தபின் கம்பெனியை நம்பினால் அது தகுதியுள்ள நம்பிக்கை. அதற்குப் பிறகும் டயர் வெடித்தால் பழி வேறிடத்தில்.

கிளிஃபர்டுக்கு வலுவான எதிர்ப்பு அமெரிக்காவிலிருந்தே வந்தது. தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் நிகழ்த்திய ‘நம்பும் விருப்பம்’ என்ற உரை, சான்று போதாத இடத்திலும் நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்று வாதாடியது. எனக்கு ஜேம்ஸ் மேல் பெரிய மரியாதை உண்டு. கடவுள், காதல், நட்பு போன்றவற்றில் கிளிஃபர்டின் அளவுகோல் மனிதரை மூச்சுமுட்ட வைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜேம்ஸ் தந்த சலுகைக்கு அவரே வேலி போட்டிருக்கிறார். முடிவைத் தள்ளிப்போட முடியாததாக இருக்கவேண்டும். அறிவால் தீர்க்க முடியாத கேள்வியாகவும் இருக்கவேண்டும். டயர் விஷயத்தில் இரண்டும் இல்லை. பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். கேள்வியைத் தீர்க்க டார்ச்சும் பிரஷர் கேஜும் எடைமேடைச் சீட்டும் போதும். மேலும், என்னால் முடியும் என்று நம்புகிற மலையேறி அந்த நம்பிக்கையாலேயே பிளவைத் தாண்டலாம் என்கிறார் ஜேம்ஸ். அங்கே நம்பிக்கை தன் உண்மையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எட்டு வயது டயருக்கு உரிமையாளரின் நம்பிக்கையால் ஒரு நூலிழை பலமும் கூடுவதில்லை.

இறைவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்கிறவர்களை இலேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. பயணம் கிளம்பும்போது பிரார்த்திப்பது எல்லா நாட்டிலும் உள்ள நல்ல வழக்கம். நீண்ட சாலையில் மனிதன் தன் கையில் எல்லாம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் நேரம் அது. ஆனால் அமெரிக்கப் பயணிகளில் பலர் படிக்கும் வேதத்திலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கோயில் உச்சியிலிருந்து குதி, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற சோதனையை இயேசு மறுத்ததாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. இறைவன் காப்பார் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் தைரியத்தையே அவர் மறுத்தார். பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டுக் காப்பாற்றக் கேட்பது பிரார்த்தனையாகாது; நம் வேலையை இறைவன் தலையில் கட்டுவது. கிளிஃபர்டின் முதலாளியும் தெய்வம் அந்தக் குடும்பங்களைக் கைவிடாது என்றுதான் சொல்லிக்கொண்டார்.

‘வண்டி என்னுடையது, ஆபத்தும் என்னுடையது’ என்ற வாதம் அமெரிக்க மண்ணில் அடிக்கடி கேட்பது. தனிமனித உரிமையைப் போற்றும் நாட்டில் அதற்கு ஒரு கௌரவமும் உண்டு. சாலையில் மட்டும் அது செல்லாது. ட்ரெய்லர் டயர் பிரியும்போது ஓட்டுநருக்குப் பெரும்பாலும் உடனே தெரிவதில்லை. அதிர்வு முன்வண்டியின் ஸ்டியரிங்குக்கு வந்து சேர்வதில்லை. பிய்ந்த ரப்பர்ப் பட்டை சக்கரக் குழிக்குள் சாட்டையாக அடித்து அடித்தளத்தைக் கிழிக்கிறது. பிறகு சாலையில் விழுகிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் அதைக் காணும்போது விலக நேரமிருக்காது. சாலையில் கிடந்த பொருட்களால் 2011 முதல் 2014 வரை அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன. ஏறக்குறைய 39,000 பேர் காயமடைந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை கணக்கிட்டிருக்கிறது. இவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பராமரிப்புக் குறைவும் சரியாகக் கட்டாத சுமையுமே காரணம். டயர் மட்டும் இத்தனைக்கும் பொறுப்பென்று நான் சொல்லவில்லை. கழன்று விழும் டயரும் சக்கரமும் அந்தக் கணக்கில் முன்வரிசையில் இருக்கின்றன. யூத மரபு இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி அவன் வீட்டின் மேல் என்று உபாகமம் விதிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் அந்த விதியை உயிருக்கு ஆபத்தான எல்லாப் பொருட்களுக்கும் விரித்தார். என் உயிரை நான் பணயம் வைத்தால் பிறருக்கு என்ன என்று கேட்கிறவனையும் அவர் விடவில்லை; அவனுக்கும் தண்டனை உண்டு என்றார்.

ஒன்றும் ஆகவில்லையே என்பது எல்லா மறுப்புகளிலும் பிடிவாதமானது. பத்து வயது டயரில் நாட்டை இருமுறை சுற்றி வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் குற்றவாளிகளா? தத்துவவாதி தாமஸ் நேகல் 1976-இல் ‘அற அதிர்ஷ்டம்’ பற்றி எழுதியபோது பிரேக்கைச் சோதிக்காத ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொண்டார். குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அவர் வாழ்நாள் முழுதும் தன்னைப் பழித்துக்கொள்வார். வராவிட்டால் யாரும் பழிக்கமாட்டார்கள். அலட்சியம் இரண்டிலும் ஒன்றே. உலகம் அப்படித்தான் தீர்ப்பளிக்கிறது என்பதை நேகல் சரியாகக் கண்டார்; அந்த முரண்பாட்டை அவர் தீர்த்துவைக்கவில்லை. சமண மரபு நெடுங்காலத்துக்கு முன்பே அதைத் தீர்த்திருக்கிறது என்பது என் எண்ணம். வந்தவாசி அருகே பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர் தம் ‘பிரவசனசார’த்தில் வைக்கும் கோட்பாடு இது: கவனமாக நடக்கும் துறவியின் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக இறந்தாலும் அவருக்கு இம்சையின் பாவம் இல்லை, கவனமில்லாமல் நடப்பவருக்கு எந்த உயிரும் சாகாவிட்டாலும் இம்சை உண்டு. துறவி தன் முன்னே சில முழத் தூரத்துத் தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பதும், உட்காருமுன் மயிற்பீலியால் இடத்தைத் துடைப்பதும் இந்த எண்ணத்தின் நடைமுறை. இங்கே குற்றம் விளைவில் இல்லை, கவனத்தைக் கைவிட்ட நிலையில் இருக்கிறது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் அணுவளவும் குறையாது என்று கிளிஃபர்டும் எழுதினார். கடவுளை நம்பாத கணித ஆசிரியரும் பழைய சமண ஆசாரியரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பத்து வயது டயரில் சுற்றி வந்தவர் பத்திரமாக வந்ததற்கு நன்றி சொல்லலாம். சரியாகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்படியானால் கவனத்துக்கு எல்லையே இல்லையா, ஒவ்வொரு திருகாணியையும் சோதித்துக்கொண்டிருந்தால் யார்தான் ஊருக்குப் போவது என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கும் சமணமே பதில் வைத்திருக்கிறது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். வீட்டு ட்ரெய்லர் இழுப்பவரிடம் மயிற்பீலி கேட்கவில்லை. கிளம்பும் நாள் காலையில், வெயில் ஏறுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதிப்பது. முழுச் சுமையோடு ஒருமுறை எடை போட்டு, டயர்களின் தாங்குதிறனில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிடுவது, மாற்றும்போது ஸ்டெப்னியையும் மறக்காமல் சேர்ப்பது. வாங்கும் கடையிலேயே தயாரிப்பு வாரத்தைப் படித்து, கிடங்கில் இரண்டு ஆண்டு கிடந்ததை வேண்டாம் என்று சொல்வது. இவ்வளவுதான். ஐந்தாறு ஆண்டு என்பது இயற்கை விதியில்லை, அனுபவக் கணக்கு. அரிசோனா வெயிலில் நின்ற டயர் முன்னதாகவே போகலாம், நிழலில் மூடிவைத்தது கூடுதலாக உழைக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகத்தின் பலனை டயருக்குக் கொடுப்பதா, பின்னால் வருகிறவருக்குக் கொடுப்பதா என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை. திருக்குறளில் கடமை மறவாமைக்கென்று பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மகிழ்ச்சி மிஞ்சும்போது வரும் மறதிமேல் அதற்குத் தனிக் கண். விடுமுறைக் காலை அப்படிப்பட்ட மகிழ்ச்சியின் நேரம்.

பட்டன் தேயாத டயரைத் தூக்கி எறிவது வீண்செலவு, பூமிக்கும் பாரம் என்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். அந்த வீணாக்கத்தைக் குறைக்க வழி, வாங்கிய டயரை வெயிலிலிருந்து மூடிவைப்பதும் காற்றுக் குறையாமல் பார்ப்பதும்தான். வயதானதை ஓட்டிக்கொண்டிருப்பது அல்ல. கழற்றிய டயரை ‘பட்டன் நன்றாக இருக்கிறது’ என்று விளம்பரம் போட்டுக் குறைந்த விலைக்கு விற்பவர், தான் ஏற்க மறுத்த ஆபத்தைத் தன்னைவிட ஏழையிடம் தள்ளிவிடுகிறார். மாற்றாமல் ஓட்டியவரைவிட இவர் பொறுப்பு கூடுதல், ஏனென்றால் இவருக்குத் தெரியும்.

ஏழையின் மறுப்பு மட்டுமே என்னை உண்மையில் தடுமாற வைக்கிறது. அமெரிக்காவில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் ட்ரெய்லரிலேயே குடியிருப்பவர்கள் உண்டு. ஐந்து புது டயர் அவர்களுக்குப் பெரிய தொகை. அவர்களிடம் கிளிஃபர்டைப் படித்துக்காட்டுவது கொடுமை. பழியின் பெரும்பங்கு, புது வண்டியையே சுமைக்கு மட்டுமட்டான மலிவு டயரில் நிறுத்தி விற்பவர்களுக்கும், விதியைக் கார்களோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் போகவேண்டும். ஆனாலும் அந்த ஏழைகளிடமும் கேட்கக் கூடியது ஒன்று உண்டு. டயர் நல்ல டயர் என்று நம்பிக்கொள்ளாமல், கெட்ட டயர் என்று தெரிந்தே அதற்கேற்ப ஓட்டுவது. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படியே 55 மைல்தான். மற்ற மாநிலங்களிலும் அந்த வேகத்தில் வலது ஓரமாகப் போக யாரும் தடை சொல்வதில்லை. வெயில் ஏறுமுன் கிளம்பலாம். இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் இரண்டு என்று மாற்றலாம். நாற்பது கேலன் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக் கிளம்பினால் முந்நூற்று முப்பது பவுண்டு குறையும். தண்ணீரைப் போய்ச் சேரும் ஊரில் பிடித்துக்கொள்ளலாம்.